சங்கத்துச் சந்தா எங்கே போகிறது?

மாதம் பிறந்தால் நம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், வங்கிப் பணியாளர்கள் பலரும் தங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஊழியர் நலச் சங்கம் என்ற பெயரில் பல துறைகளிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. சந்தா கட்டுகிறவர்களில் பலர் ஏதோ ஒரு சேரித் தெருவில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, வேலைக்குப் போனவர்கள். ஆனால் அந்தப் பணம் எந்தெந்த வேலைக்குப் போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை. “பாராட்டு விழா நடந்தது, நாள்காட்டி கொடுத்தார்கள்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஊரில் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்கும் பிள்ளைக்கும் இந்தச் சந்தாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆகவே சங்கத்தின் திட்டங்களையும் நிதியையும் எப்படிப் பிரித்து நடத்துவது என்பதைச் சங்கத்தில் இருப்பவர்கள் மட்டுமின்றி ஊரில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பாம்செப் காட்டிய வழி

1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசிய அண்ணல் அம்பேத்கர், படித்து வேலைக்குப் போனவர்கள் தம் மக்களை மறந்துவிட்டார்களே என்று மனம் நொந்தார். அந்த வருத்தத்துக்கு அமைப்பு வடிவில் பதில் தேடும் முயற்சி புனேயில் தொடங்கியது. அங்கே பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில், அம்பேத்கர் பிறந்தநாள், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகள் நீக்கப்பட்டதை எதிர்த்தார் தீனாபானா என்ற கடைநிலை ஊழியர். அதற்காக அவர் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய கான்சிராம் அவருக்குத் துணை நின்றார். டி.கே.காபர்டேயும் இவர்களுடன் சேர்ந்தார். 1971-ல் புனேயில் ஊழியர் நலச் சங்கம் உருவானது. அது வளர்ந்து, அண்ணல் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, 1978-ல் டெல்லியில் ‘பாம்செப்’ என்ற கூட்டமைப்பாகத் தொடங்கப்பட்டது.

இடமாறுதல், பதவி உயர்வு கேட்கும் தொழிற்சங்கமாக அதை அவர்கள் நடத்தவில்லை. உறுப்பினர்கள் ஊழியர்கள், பயன்பெற வேண்டியது அவர்கள் விட்டுவந்த ஊர். அறிவு, திறமை, பணம் மூன்றையும் ஊழியர்கள் சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். சட்ட உதவி, மருத்துவ உதவி, பதிப்பு, மாணவர் பணி எனத் தனித்தனிப் பிரிவுகளை வகுத்தார்கள். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் இருப்பதால் கட்சி அரசியல், மதம், போராட்டம் மூன்றிலும் அமைப்பு நேரடியாக இறங்காது என்றும் வரையறுத்தார்கள்.

1981-ல் கான்சிராம் டி.எஸ்.4 என்ற போராட்ட அமைப்பையும், 1984 ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சியையும் தொடங்கினார். உறுப்பினரின் உழைப்பும் பணமும் கட்சிக்குப் போக வேண்டுமா, சமூகப் பணிக்குள்ளேயே நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அமைப்பு பிளவுபட்டது. கான்சிராம் கட்சிப் பணிக்குப் போக, காபர்டே உள்ளிட்டோர் பாம்செப்பைத் தனியே நடத்தினர். எது சரி என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. எந்தப் பணம் எந்த வேலைக்கு என்பதை உறுப்பினர்கள் முன்கூட்டியே பேசி எழுதிவைக்க வேண்டும் என்ற பாடம் இன்றைய சங்கங்களுக்கும் பொருந்தும்.

ஒரு பானை, ஐந்து பங்கு

ஒரு மாவட்டச் சங்கத்தில் 400 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆளுக்கு ரூ.100 சந்தா. மாதத்துக்கு ரூ.40,000, ஆண்டுக்கு ரூ.4,80,000. இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் திட்டமிட்டால் நிறையச் செய்யலாம்.

பாதியை, அதாவது ரூ.2,40,000-ஐ, மாணவர் உதவிக்கு ஒதுக்கலாம். கால் பங்கான ரூ.1,20,000-ஐப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கும் நூல்களுக்கும் வைக்கலாம். வன்கொடுமை வழக்குகளில் சட்ட உதவிக்கு ரூ.48,000. அலுவலகம், தணிக்கை, கூட்டச் செலவுக்கு ரூ.48,000. மீதி ரூ.24,000 அவசரக் கையிருப்பு. விகிதம் ஒவ்வொரு சங்கத்துக்கும் மாறலாம். ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே பொதுக்குழுவில் இப்படிப் பிரித்து முடிவு செய்துவிட்டால், பந்தல், பிளக்ஸ், பொன்னாடை எல்லாம் அந்த ரூ.48,000-க்குள் அடங்கியாக வேண்டும். மாணவர் பங்கில் கை வைக்க முடியாது.

மாணவர் உதவியிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, நேரடி நன்கொடை. கொடுத்த பணம் அந்த ஆண்டோடு தீர்ந்துவிடும். இன்னொன்று, சுழல் நிதி. கல்லூரி சேரும்போதே கட்டணமும் விடுதி முன்பணமும் கட்ட வேண்டியிருக்கிறது. அரசு உதவித்தொகையோ பிறகுதான் கைக்கு வருகிறது. அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் வட்டிக்காரரிடம் போகின்றன. சங்கம் வட்டியில்லாமல் ரூ.10,000 கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெற்றால், அதே பணம் அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளைக்குப் போகும். ரூ.2,40,000-ஐ இப்படிச் சுழல விட்டால் ஆண்டுக்கு 24 பேருக்குக் கை கொடுக்கலாம். சிலர் திருப்பித் தர முடியாமல் போகலாம். அதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்தக் குடும்பத்தை ஊர் நடுவே அவமானப்படுத்தக் கூடாது.

ஓய்வுபெறும் உறுப்பினர் ஒருவர் தன் தாயார் பெயரில், செவிலியர் படிப்புக்குப் போகும் பெண்களுக்கென்று பணம் தருகிறார் என்றால், அதைப் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது. தனிப் பதிவேடு வேண்டும். அசலை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வட்டியை மட்டும் செலவிட்டால் அந்தத் தாயின் பெயர் பல ஆண்டு நிற்கும். ஐந்து லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு ரூ.35,000 வரும்.

அரசு தர வேண்டியதை அரசிடமே கேட்போம்

சங்கங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அரசு தந்தாக வேண்டியதைச் சங்கம் தன் பையிலிருந்து தந்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் இன மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் தருகின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் விண்ணப்பம் நின்றுவிடும். கோடை விடுமுறையில் சங்கம் ஊர் ஊராக உதவி முகாம் நடத்தினால் செலவு சில ஆயிரம்தான். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் தொகையோ அதைவிடப் பல மடங்கு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளிலும் இதே கதைதான். 1995-ம் ஆண்டு விதிகளின்படி, விசாரணைக்கு வந்துபோகும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படியும் தினப்படியும் அரசு தர வேண்டும். இது தெரியாமல், பேருந்துக் காசுக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் பயந்து சாட்சிகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். சங்கத்தில் உள்ள ஒரு வழக்கறிஞரும் ஒரு வருவாய்த் துறை ஊழியரும் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால், அந்த ரூ.48,000 எத்தனையோ வழக்குகளுக்குத் தாங்கும். அறிவையும் திறமையையும் தரச் சொன்னதன் பொருள் இதுதான்.

கணக்குக் கேட்பது உரிமை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவைத் தணிக்கை செய்து பொதுக்குழு முன் வைக்க வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதைத் தாக்கல் செய்யவும் வேண்டும். வரவு செலவுக்கு வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது என்பவை அடிப்படை ஒழுங்கு. வெளியாரிடம் நிதி திரட்டுவதாக இருந்தால், அரசு ஊழியர்கள் நடத்தை விதிப்படி முன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பொதுக்குழுவில் உறுப்பினர்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பயன்பட்டது? ஒருவருக்கு எவ்வளவு செலவானது? இதை நிறுத்திவிட்டால் யார் தவித்துப்போவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை வேறு திட்டத்துக்கு மாற்றலாம். கேள்வி கேட்பவரைத் தலைமைக்கு எதிரி என்று பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கேள்வி கேட்காத இடத்தில் சந்தா குறைவதையும், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போன அண்ணன், அக்கா எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாணவர் உதவிக்கென்று அங்கே என்ன திட்டம் இருக்கிறது, எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். திட்டம் இல்லை என்று சொன்னால், அடுத்த பொதுக்குழுவில் அதை எழுப்பச் சொல்லுங்கள். நாளை நீங்களும் வேலைக்குப் போவீர்கள். முதல் மாதச் சந்தா கட்டும் அன்றே, போன ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.