பல்லால் கடிக்க வேண்டாத பெட்டி

முதலில் பெட்டியைப் பாருங்கள். ஆமாம், வெறும் அட்டைப் பெட்டிதான். ஆனால் அதைப் பார்த்தே எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது!

2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், மாற்றுத்திறனாளிகள் வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்த கருவி. அது வரும் பெட்டிக்கு வடிவமைப்பாளர்கள் போட்டுக்கொண்ட கண்டிப்பான விதி: யாரும் பல்லால் கடித்துப் பிரிக்கும்படி இருக்கவே கூடாது! ஒரு கை மட்டும் உள்ளவர், விரல் மடங்காதவர் புதுப் பொருள் வாங்கினால் கடைசியில் பல்லைத்தானே நம்ப வேண்டியிருக்கிறது? அதனால் டேப்பின் நுனியில் ஒரு வளையம். மூடியைத் தூக்க இன்னொரு வளையம். உள்ளே கருவியை இழுக்கவும் வளையம். ஒற்றை விரலை நுழைத்து இழுத்தால் போதும். வீட்டுக்கு அனுப்பும் வெளிப்பெட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை, அதற்கும் இதே ஏற்பாடு.

சரி, உள்ளே போவோம். வெள்ளைப் பலகையில் இரண்டு பெரிய கறுப்பு வட்டப் பொத்தான்கள். முஷ்டியால் குத்தலாம், முழங்கையால் அழுத்தலாம், தரையில் வைத்துக் காலால்கூடத் தட்டலாம். ஆனால் சூட்சுமம் பின்பக்கம் இருக்கிறது. திருப்புங்கள்... வரிசையாக 19 துளைகள்! ஹெட்போன் செருகுவோமே, அதே 3.5 மில்லிமீட்டர் துளை. சாதாரணக் கன்ட்ரோலரில் விரல் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இங்கே பிரித்துக் கொடுக்கலாம். முடக்குவாதத்தில் கட்டைவிரல் வீங்கிய நாளில் அதன் வேலையைக் கால் பெடலுக்கு மாற்றலாம். தசைநார்ச் சிதைவு கூடிக் கை அசைவு குறைந்தால், லேசாகத் தொட்டாலே போதும் என்கிற ஸ்விட்சைத் தாடைப் பக்கம் பொருத்தலாம். நோய் மாற மாறக் கருவியும் கூடவே மாறும்.

இது எங்கே தொடங்கியது தெரியுமா? போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்காகக் கன்ட்ரோலர்களைப் பிரித்து, ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்துவந்தது வார்ஃபைட்டர் எங்கேஜ்டு என்ற தொண்டு அமைப்பு. அந்தக் கைவேலையின் படத்தை 2014-ல் ட்விட்டரில் பார்த்தார் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர். 2015-ல் நிறுவனத்துக்குள் நடந்த ஹேக்கத்தானில் அதை ஒரு குழு கையில் எடுத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனின் ஸ்பெஷல்எஃபெக்ட் போன்ற அமைப்புகளிடமும், ஆடுகிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். அந்தக் கேட்டுக் கேட்டுதான் எனக்குப் பிடித்த பகுதி!

வலியோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஒருவர் இந்தக் கருவியால் ஆட முடிகிறபோது, ராத்திரி நண்பர்கள் அவரைக் கூப்பிட்டு, “சீக்கிரம் வாடா, டீமுக்கு ஆள் குறையுது” என்று அவசரப்படுத்துகிறார்களே, அதை எந்த டாக்டரும் சீட்டில் எழுதித்தர முடியாது.

ஒரே குறை, செலவு. கருவி வந்தபோது விலை 100 டாலர். ஸ்விட்சுகளைத் தனியாக வாங்க வேண்டும். விலை இறங்கியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனிக்காரர்களே, இந்தப் பெட்டியை ஒன்று வாங்கி, ஒற்றைக் கையால் திறந்து பாருங்கள்!