சரக்கு இல்லாத செருப்புக் கடை!

வீட்டை விற்று வியாபாரத்தைக் காப்பாற்றியவர்

1999-ம் ஆண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நிக் ஸ்வின்மர்ன் என்ற வாலிபர் காலணி வாங்கப் புறப்பட்டார்.

ஒரு கடையில் மாடல் சரியாக இருந்தது; நிறம் இல்லை. இன்னொரு கடையில் நிறம் இருந்தது, அளவு இல்லை. வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"இன்டர்நெட்டில் காலணி விற்றால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. ஆனால், போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? சரக்கை வாங்கிக் குவித்து, அது விற்காமல் கிடந்தால் என்ன கதி?

அவர் ஒரு தந்திரம் செய்தார். பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்குப் போய், காலணிகளைப் படம் பிடித்தார். படங்களை இன்டர்நெட்டில் போட்டார். யாராவது ஆர்டர் கொடுத்தால், அந்தக் கடைக்கே ஓடி, முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார்.

இதில் லாபம் இல்லை. ஆனால் பார்க்காமலே காலணி வாங்க ஆள் உண்டு என்பது தெரிந்துவிட்டது!

வந்தது வினை!

கடைக்கு "ஜாப்போஸ்" என்று பெயர் வைத்தார்கள். டோனி ஷே என்பவர் பணம் போட்டார். பிறகு நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார்.

ஆர்டர் வந்ததும், காலணிக் கம்பெனிகளே சரக்கை நேராக அனுப்பின. இங்கேதான் சிக்கல். "இருக்கிறது" என்று நம்பி ஜாப்போஸ் விற்கும். கம்பெனியின் கிடங்கிலோ அது தீர்ந்து போயிருக்கும்! வாங்கியவருக்கு ஏமாற்றம்.

சொந்தமாகச் சரக்கு வைக்கப் பணம் வேண்டும். கையில் இருந்த பணமோ கரைந்துகொண்டே வந்தது. 2002-ல் டோனி ஷே தமது வீடு ஒன்றை விற்று வியாபாரத்தில் போட்டார்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண்!

கென்டக்கி மாநிலத்தில் சொந்தக் கிடங்கு எழுந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண் ஒட்டினார்கள். எந்தத் தட்டில் இடம் காலியோ, அங்கே வைத்தார்கள். எந்த எண் எந்தத் தட்டில் என்பது கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். தேடவே வேண்டாம்!

2003-ல் கம்பெனிகள் நேராக அனுப்பும் முறையை அடியோடு நிறுத்தினார்கள். மொத்த விற்பனையில் அது கால் பங்கு! இருந்தும் துணிந்து விட்டார்கள். கிடங்கில் இருப்பதை மட்டுமே விற்றார்கள்.

ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 2008-ல் விற்பனை 100 கோடி டாலரை எட்டியது. 2009-ல் அமேசான் நிறுவனம் ஜாப்போசை வாங்கிக்கொண்டது.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. விற்குமா என்று தெரியும்வரை சரக்கை வாங்கிக் குவிக்கக் கூடாது. விற்கத் தொடங்கிய பிறகு, இல்லாததை "இருக்கிறது" என்று சொல்லக் கூடாது!