கண்ணாடியைக் கழற்றுமுன்

பெங்களூரில் கண் வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. மைசூர் மகாராஜாக்கள் காலத்து மிண்டோ அரசாங்க ஆஸ்பத்திரியும், 1982-இல் டாக்டர் புஜங் ஷெட்டி தொடங்கிய நாராயண நேத்ராலயாவும் தென்னிந்தியா முழுவதற்கும் தெரிந்த பெயர்கள். வியாதியோடு வருகிறவர்கள் ஒருபுறமிருக்க, கண்ணில் வியாதி என்று எதுவும் இல்லாமலே கண் வைத்தியரைத் தேடி வருகிற ஒரு கூட்டத்தையும் இந்நகரில் காணலாம். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அதற்குள் பெண்ணின் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று மகளை அழைத்து வரும் தாயாரும், ஒயிட்ஃபீல்டில் நாள் முழுவதும் கணினித் திரையின் முன் அமர்ந்து, மாலையில் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைத் திணித்துக்கொண்டு நெரிசலில் வண்டி ஓட்டிச் சலித்துப்போன இளைஞரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இவர்கள் கேட்பது லேசிக் என்னும் லேசர் சிகிச்சை.

கண்புரைக்குச் செய்யும் சத்திரசிகிச்சை, மங்கிப்போன பார்வையை மீட்பதற்கு. லேசிக் சிகிச்சையோ, கண்ணாடி அணிந்தால் நன்றாகவே பார்க்கக்கூடிய ஆரோக்கியமான கண்ணின் மேல், சௌகரியத்தை முன்னிட்டுச் செய்யப்படுவது. ஆகவே அதன் விஷயத்தில் மிகக் கடுமையான பரீட்சையைக் கோருவதற்கும், வேண்டாமென்று வைத்தியர் சொன்னால் சஞ்சலமின்றித் திரும்பி வருவதற்கும் நமக்குப் பூரண நியாயம் இருக்கிறது.

கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடி போல, நிறமற்றுத் தெளிந்த கார்னியா என்னும் சவ்வு அமைந்திருக்கிறது. உள்ளே நுழையும் ஒளிக்கதிர்களை வளைத்து விழித்திரைமேல் குவிக்கும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதால், கார்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது செதுக்கித் தட்டையாக்கிக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளுவதே லேசர் செய்யும் காரியம். இதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பில் தமிழர்கள் நினைவில் வைக்கத்தக்க ஒரு பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பை ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமலும் வேகாமலும் லேசர் பட்ட இடம் மட்டும் சுத்தமாக நீங்கியிருந்தது. இரண்டாண்டுகளில் ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற கண் வைத்தியரோடு சேர்ந்து அவர் அதனைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். 2013-இல் ஜனாதிபதி ஒபாமாவின் கையால் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் பெற்றார்.

இவ்வளவு துல்லியமான கருவியானாலும், செதுக்கி எடுத்த திசு மீண்டும் வளர்வதில்லை. யாருக்கு இச்சிகிச்சை ஏற்றது என்ற விசாரணை முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளம்புகிறது. கார்னியாவின் மையத்தில் கனம் சாதாரணமாக 500 மைக்ரானுக்குச் சற்று மேல், அதாவது அரை மில்லிமீட்டர். லேசிக் முறையில் மேலடுக்கை ஏறத்தாழ 110 மைக்ரான் கனத்துக்கு மூடிபோல் அறுத்துத் திறந்து, ஒவ்வொரு பவருக்கும் சுமார் 12 மைக்ரான் வீதம் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். 520 மைக்ரான் கனமுள்ள கண்ணில் மைனஸ் 6 பவரைப் போக்க, மூடிக்கு 110-ம் செதுக்கலுக்கு 72-ம் போக, 338 மிஞ்சுகிறது. 470 மைக்ரான் கண்ணில் மைனஸ் 9 பவர் என்றால் மிஞ்சுவது 252 மட்டுமே. 250-க்குக் கீழே இறங்கலாகாது என்பது பழைய விதி. எச்சரிக்கையுள்ள வைத்தியர்கள் பலர் 300 என்றே கோடு கிழிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சித்தித்தது நமக்கும் சித்திக்கும் என்ற அனுமானம் இங்கே செல்லாது.

கனம் போதுமானதாயிருந்தாலும் வடிவம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கவேண்டும். சிலருடைய கார்னியா உள்ளூர வலுவிழந்து, மெல்லக் கூம்பு வடிவத்தில் முன்னே பிதுங்கும் கெரட்டோகோனஸ் என்னும் நோய்க்கு இலக்காகிறது. ஆரம்ப நிலையில் அது கண்ணுக்கோ சாதாரணப் பரிசோதனைக்கோ அகப்படாது. அத்தகைய கண்ணை மேலும் செதுக்கினால், பார்வை தெளிவதற்குப் பதிலாகக் கார்னியாவே பிதுங்கிக் கெட்டுவிடக்கூடும். டோபோகிராஃபி என்ற வரைபடப் பரிசோதனையைத் தவிர்க்காமல் செய்வது இதனால்தான். ஒவ்வாமையால் அரிப்பெடுத்துக் கண்ணைக் கசக்கும் வழக்கமுடையவர்களும், குடும்பத்தில் இந்நோய் உடையவர்களும் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். தூசும் மகரந்தமும் நிறைந்த பெங்களூரில் கண்ணைக் கசக்குவோருக்குப் பஞ்சமில்லை. காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவிடுமாதலால், அளவெடுக்குமுன் மென்மையான லென்ஸை இரண்டு வாரமாவது, கடினமான லென்ஸை இன்னும் நீண்ட காலமாவது விட்டிருக்கவேண்டும்.

அடுத்தது கண்ணின் ஈரம். மூடி அறுக்கும்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அவை திரும்ப வளர மாதக்கணக்காகும், அதுவரை கண் உலர்ந்து உறுத்தும். குளிர்சாதன அறையில் கண்சிமிட்டவும் மறந்து திரையை நோக்குகிறவர்களுக்கு இது அற்பமான விஷயமன்று. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடத்தி 2017-இல் பிரசுரமான ஆய்வில், லேசிக்குக்கு முன்பு உலர்கண் தொந்தரவு இல்லாதவர்களில் சுமார் 30 சதவீதம் வரையிலானோருக்குச் சிகிச்சைக்குப்பின் மூன்று மாதத்தில் அது தோன்றியிருந்தது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது போன்ற புதிய குறைகளைச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்றே குறைவு. அன்றாட வேலைக்கே பெருந்தடை என்று சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் திருப்தியே தெரிவித்தனர். ஆகவே பீதிக்குக் காரணமில்லை. ஆயினும் இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர் இதையறிந்தே சம்மதிக்கவேண்டும்.

வயதும் தொழிலும் கணக்கில் சேரவேண்டியவை. பவர் ஓராண்டாவது அரைப் பவருக்கு மேல் மாறாமல் ஸ்திரப்பட்டிருக்கவேண்டும். இருபத்தொன்றுக்கு முன்பு அது பலருக்கு அமைவதில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருப்பது நலம். நாற்பதைத் தாண்டியவர்க்கோ வேறொரு யோசனை: மைனஸ் 2 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் புத்தகம் படிக்கலாம், தூரப்பார்வையைத் திருத்திக்கொண்டபின் படிப்பதற்குப் புதுக் கண்ணாடி வாங்கவேண்டியிருக்கும். ரயில்வேயில் லோகோ பைலட் போன்ற பதவிகளுக்கு லேசிக் செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை. விமானப்படையோ சில பிரிவுகளில் மட்டும், இருபது வயதுக்குப் பின் செய்திருக்கவேண்டும், பன்னிரண்டு மாதமாவது கடந்திருக்கவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. உத்தியோகத்துக்கு மனுப்போட எண்ணியிருப்போர், அறிவிப்பைப் படித்துவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது புத்திசாலித்தனம்.

லேசிக் ஆகாதென்றால் வழியே இல்லையென்று பொருளில்லை. மூடி அறுக்காமல் மேற்பரப்பையே செதுக்கும் பி.ஆர்.கே. சில நாள் வலியோடு குணமாகும். சிறு துளை வழியே மெல்லிய திசுத் தகட்டை உருவியெடுக்கும் ஸ்மைல் முறையில் அறுபடும் நரம்புகள் குறைவு. பவர் மிகுந்தவர்களுக்குக் கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். உண்டு. செலவைப் பொறுத்தவரை, 7.5 பவருக்குக் குறைந்த பார்வைக் குறைக்கான சிகிச்சையை மருத்துவக் காப்பீடு சாதாரணமாக ஏற்பதில்லை.

எந்த முறையானாலும் கண்கோளத்தின் நீளம் மாறுவதில்லை. ஆகவே அதிகப் பவர் இருந்தவர்கள் கண்ணாடி போனபின்னும் விழித்திரையை ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அடங்கிய காகிதங்களையும் பத்திரப்படுத்தவேண்டும். பிற்காலத்தில் புரை நீக்கி லென்ஸ் வைக்கும் வைத்தியர் கணக்கிடுவதற்கு அவை பெரிதும் உதவும்.

சலுகை விலை இந்த மாதத்தோடு முடிகிறதென்றோ, முகூர்த்த நாள் நெருங்குகிறதென்றோ முடிவுசெய்வது தகாது. என் கார்னியாவின் கனம் எவ்வளவு, செதுக்கியபின் மிஞ்சுவது எவ்வளவு, வரைபடத்தில் சந்தேகம் உண்டா, கண்ணின் ஈரம் எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கும் எண்ணும் விளக்கமுமாக விடை கிடைத்து, அவ்விடை நமக்கு அனுகூலமாயிருந்தால் தைரியமாகச் செய்துகொள்ளலாம். விடையில் தயக்கம் இருந்தால் இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம். அவரும் தயங்கினால், கண்ணாடியோடு நன்றாகப் பார்க்கிற கண்ணை அப்படியே விட்டுவைப்பதே உத்தமம்.