பேச்சும் ஒரு முதல்

கடைக்குப் பணம் எப்படி முதலோ, அப்படியே பேச்சும் முதல். அதைக் கற்றுத்தரும் இடங்களில் ஒன்று சமுதாயக் கல்லூரி. 1901-இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தோன்றிய இம்முறை, 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் தொடங்கப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் தொழிற்பயிற்சியோடு பேச்சுத்திறனையும் அளிப்பது இதன் நோக்கம்.

பேச்சுத்திறன் என்றால் மேடைப்பேச்சு மட்டும் அன்று. எதிரில் நிற்பவர் நிலையறிந்து கேட்பது, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, கோபமின்றி மறுப்பது ஆகியவையும் அதில் அடங்கும்.

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு மீனவர்கள் ஏரியில் முறைவைத்து வலையிடும் ‘பாடு’ வழக்கம் உண்டு. முறை வராத நாளில் பல வீடுகளில் காசு புரளாது. அன்று நாலு பேர் முன்னால், “பாக்கி எப்போது தருவாய்?” என்று அதட்டினால் பாக்கியும் வராது, வாடிக்கையும் போய்விடும். “அண்ணே, அடுத்த பாடு என்றைக்கு? அன்று பாதியாவது கொடுங்கள்” என்று தனியே கேட்டால், அவரே தவணை சொல்வார்.

கல்லாவில் அமரும் பிள்ளைகளையும் சிப்பந்திகளையும் இப்பயிற்சிக்கு அனுப்பலாம். வயது, கல்வித்தகுதி, கட்டணம் ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். நேரில் விசாரித்துச் சேர்க்கவும்.