குர்துபாவின் சிவப்பு

பயணங்களில் நான் எடுத்த படங்களில் எனக்கு மிகப் பிடித்தது, ஸ்பெயினின் குர்துபாப் பெரிய பள்ளிவாசலுக்குள் (இன்று அது கதீட்ரல்) எடுத்த ஒன்று. அதில் ஆளே இல்லை, தூண்களும் வளைவுகளும்தான்.

நேரே நின்று எடுத்தால் முன்னாலுள்ள தூண் பின்னாலுள்ளவற்றை மறைத்துவிடும். அதனால் சற்று விலகி, மூலைவாட்டில் கெமராவைப் பிடித்தேன். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் இருளில் முடிகின்றன. பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த அந்தத் தூண்கள் குட்டையானவை. கூரையை உயர்த்தத்தான் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு கட்டினார்கள். படத்தின் மேற்பாதி முழுக்கச் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் நிறைந்திருப்பது அதனால்தான். கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் வெட்டினாலும் படம் மூச்சுமுட்டும்.

நிறத்தைத்தான் கூர்ந்து பார்க்கணும். 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பகுதியில் சிவப்பு என்பது செங்கல், வெள்ளை என்பது கருங்கல் அல்லாத வெளிறிய கல். 987ஆம் ஆண்டளவில் அல்மன்ஸூர் விரிவாக்கிய பகுதியிலோ எல்லாமே கல். சிவப்பு அதன்மேல் பூசிய சாயம். என் படம் பழைய பகுதியில் எடுத்தது. செங்கல்லுக்குச் செங்கல் சிவப்பு மாறுது. கணினியில் அதை ஒரே சீராக்கினால் செங்கல்லும் சாயமாகத்தான் தெரியும். விளக்கொளியின் மஞ்சளை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.