மழையில் துயில ஓர் இலேசான படுதா

விடுமுறை நாட்களில் மலையேறிக் காட்டிடையே இரவு தங்க விரும்பும் மாணவர் நம்முட் சிலரேனும் உளர். அன்னார்க்குக் கூடாரத்தினும் எளிதாய் உதவுவது, இரண்டு மரங்களுக்கிடையே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கையாம். நம் இல்லங்களிற் குழந்தைகள் உறங்கும் தூளியை ஒத்த இதனைக் கொலம்பஸ் 1492ஆம் ஆண்டு பஹாமாத் தீவுகளிற் கண்டார். அத்தீவினர் வழங்கிய ‘ஹமாக்கா’ என்னும் பெயரே பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் பரவிற்று. தரையின் ஈரத்தினின்று இப்படுக்கை நம்மைக் காக்கும். மேலிருந்து பெய்யும் மழையினின்று காப்பதோ அதன்மீது விரிக்கும் படுதா. அதனை நாமே தைத்துக்கொள்வது எங்ஙனமென்று ஈண்டு விளக்குவாம்.

பல்லாண்டுகட்கு முன் நண்பர் ஒருவரும் யானும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவொன்றில் ஓரிரவு தங்கினோம். எம் படுதா புதியது, துணியிற் குறையில்லை. ஆயினும் நேர்க்கோடாய் வெட்டிய அதன் விளிம்பு நள்ளிரவுக் காற்றிற் படபடவென்று அடித்துக்கொண்டது. எவ்வளவு இறுக்கிக் கட்டியும் அடங்கவில்லை. ஈற்றில் முளையொன்று பிடுங்கிக்கொள்ள, சாரல் நண்பரை முழுவதும் நனைத்துவிட்டது. சிறிது நேரத்தில் அவருடல் நடுங்கிற்று, பேச்சும் குழறலாயிற்று. உடல்வெப்பம் அளவிற்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள் இவை. உயிருக்கே இடர் தரத்தக்கன. மாற்றுடையும் கம்பளியும் உலர்ந்திருந்தமையால் அவர் தேறினார். குறை துணியிலன்று, அதனை வெட்டிய வடிவிலே என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று.

முதற்கண் துணியைக் கவனிப்போம். கித்தான் உறுதியுடையதே; ஆயினும் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கித்தானில் நமக்கு வேண்டிய அளவு எடுத்தால் ஏறக்குறைய 3 கிலோகிராம் சுமத்தல் வேண்டும். சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான் சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவிற் கிடைக்கின்றது. தடித்த இழைகள் இடையிடையே கட்டங்கட்டமாய் ஓடுமாறு நெய்த வகையை வாங்கினால், ஓரிடத்திற் கிழிந்தாலும் கிழிசல் எளிதிற் பரவாது. நைலான் நனைந்தாற் சற்று நீளும். ஆதலின் மழை தொடங்கியபின் ஒருமுறை எழுந்து கயிறுகளை இறுக்குதல் நன்று.

அகலம் 145, நீளம் 335 செ.மீ. உள்ள துண்டுகள் இரண்டினை நீளவாக்கில் இணைத்தால் நடுவில் முகடும் இருபுறமும் கூரையும் அமையும். மடிப்புக்கென ஓரங்களில் 2 செ.மீ. கூடுதலாக விடுக. 335 செ.மீ. நீளமுள்ள படுக்கை தொங்கும்பொழுது முனைக்கு முனை ஏறத்தாழ 280 செ.மீ. ஆகிவிடுமாதலின், படுதா இருகோடியிலும் 27 செ.மீ. வரை நீண்டுநின்று தலையையும் காலையும் காக்கும்.

இனி, வடிவம். சுவரில் 335 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகள் அடித்து, மெல்லிய சங்கிலியொன்றை நடுவில் 12 செ.மீ. தாழுமாறு தொங்கவிட்டு, அவ்வளைவைத் தாளில் வரைந்துகொள்க. கீழோரத்தை அவ்வளைவின்படி உட்குழித்து வெட்டுக. முகட்டுமுனையிலிருந்து கீழ்மூலைவரையுள்ள பக்கங்களுக்கு 7 செ.மீ. குழிவு போதும். இதன் நியாயம் யாதெனின், நேர்விளிம்பின் இருமுனைகளையும் இழுத்தால் இழுவிசை விளிம்போடு சென்றொழியும். நடுத்துணி தளர்ந்தே நிற்கும். குழிந்த விளிம்போ, இழுத்தவுடன் நிமிர முயன்று துணியை வெளிநோக்கி ஈர்த்து விறைப்பாக்கும். சங்கிலியின் இவ்வளைவு பரவளைவை ஒத்ததென்று கலீலியோ 1638இல் எழுதினார். அதன் உண்மை வடிவை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் 1691இல் வெளியிட்டனர். இங்ஙனம் வெட்டியபின் படுதாவின் எடையும் 400 கிராமளவிற்குக் குறைந்துவிடும்.

முகட்டில் இரு துண்டுகளின் ஓரங்களையும் ஒன்றனுள் ஒன்று கொக்கிபோல் மடித்துச் செருகி இரட்டைத் தையல் இடுக. பருத்திநூல் ஈரத்தில் இற்றுப்போமாதலின் பாலியெஸ்டர் நூலே தக்கது. ஊசி மெல்லிதாயும் தையல் 3 மி.மீ. இடைவெளியுடனும் இருத்தல் வேண்டும். நெருக்கித் தைத்தால் துணி அஞ்சல்தலையின் ஓரம்போல் துளைபட்டுக் கிழியும். முகட்டுமுனை இரண்டிலும் மூலைகள் நான்கிலும் துணியை இரட்டித்து நாடா வளையங்கள் தைக்க. பின்னர்ச் சிலிக்கான் பசையைத் தர்ப்பெண்டைனில் இளக்கித் தையல்மீது தடவி ஒருநாள் உலரவிடுக. தீயினருகே இவ்வேலை செய்தல் ஆகாது.

காட்டிற் கட்டும்பொழுது படுதாவுக்கெனத் தனிக்கயிறு வேண்டும். படுக்கையின் கயிற்றோடு பிணைத்தால் நாம் அமர்ந்தவுடன் அது தளரும். படுக்கைக்கயிற்றில் படுதாவின் நிழலுக்குள்ளாக ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிடுக; கயிற்றின்வழி ஒழுகிவரும் நீர் படுக்கையை எட்டாது அந்நூல்வழியே நிலத்திற் சொட்டிவிடும்.

மறு ஆண்டு அதே நண்பரோடு, இவ்வாறு தைத்த படுதாவின்கீழ் யான் துயின்றேன். விடியுமளவும் மழை விடவில்லை. அன்றிரவு என் உறக்கத்தைக் கெடுத்தது படுதாவன்று, நண்பரின் குறட்டையே.