வெள்ளையாக ஒரு பச்சை!

பச்சரிசி என்ன நிறம்? 'வெள்ளை' என்பீர்கள். அப்புறம் ஏன் ஸார் அது பச்சரிசி?

பாகூர் பக்கம் ஒரு நெற்களத்தில் இந்தக் கேள்வி என் தலையில் ஏறியது. குவித்திருந்த நெல் தங்கமாய் மின்னியது. வியாபாரி ஒரு பிடி அள்ளி, நாலு மணியைக் கடித்துப் பார்த்தார். ''பச்சையா இருக்கே, அண்ணே... இந்த விலைக்குக் கட்டாது.''

''ராத்திரி மழைப்பா. ரெண்டு வெயில் காஞ்சா சரியாப் பூடும்'' என்றார் விவசாயி. 'எங்கேய்யா பச்சை, மஞ்சளாத்தானே இருக்கு?' என்று அவர் கேட்கவில்லை. அது நிறமல்ல, ஈரம்! அரசுக் கொள்முதலுக்கும் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் பொது விதி. காயவைத்தால் எடை குறையும். காயவைக்காவிட்டால் விலை குறையும். ஒரு வார்த்தைக்குள் அவருடைய ஆறு மாச உழைப்பு.

புழுக்காதது, காய்ச்சாதது, ஆறாதது எல்லாமே நமக்குப் பச்சை. பச்சைத் தண்ணீர், பச்சைப் புண், பிரசவித்தவளின் பச்சை உடம்பு. பச்சைப் பொய்? அதையும் வேகவைக்காமல்தான் சொல்கிறார்கள்!

ஸ்வீடன்காரர்களுக்கு வேறு தலைவலி. பச்சைக் கார் என்றால் 'க்ரோன்', வீடு என்றால் 'க்ரோன்ட்', பல வீடுகள் என்றால் 'க்ரோனா'. பொருளின் பால், எண்ணிக்கை பார்த்து நிறம் சட்டை மாற்றுகிறது. ஐஸ்லாந்து மொழியில் வேற்றுமைக்கு வேற்றுமை இன்னும் பல சட்டைகள். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் 'வேர்', 'வேர்த்' என்று ஆண்பால், பெண்பாலில் ஏற்கெனவே அடி வாங்கியவர்கள்.

நம்ம பச்சை, வேட்டியா புடவையா, ஒன்றா நூறா என்று பார்க்காது. பக்கத்தில் உட்காரும் எழுத்தைத்தான் பார்க்கும். அரிசி வந்தால் பச்சரிசி, இலை வந்தால் பச்சிலை. அதன் அண்ணன் 'பசுமை' இன்னும் கில்லாடி: கிளியோடு பைங்கிளி, புல்லோடு பசும்புல். இந்த வேஷங்களுக்கெல்லாம் நன்னூலில் பவணந்தியார் ஒரு சூத்திரமே போட்டிருக்கிறார். (பசும்பாலை இதில் சேர்க்காதீர்கள், அது மாடு!)

பாகூருக்குப் படிப்பு புதிதல்ல. 9-ம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், இங்கிருந்த கல்லூரிக்கு மூன்று கிராமங்களைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது.

வில்லியனூரில் ஒரு காய்கறிக் கடை. கூடையில் பாதி மிளகாய் பழுத்து, செக்கச்செவேல் என்று கிடந்தது. ஒன்றை எடுத்துக் காட்டி, ''இது என்னம்மா?'' என்றேன்.

கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

''பாத்தா தெரியல? பச்சமொளகா!''